ஓ.டி. பாக்கியைக் கேட்டு வாங்கிய கதை

சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் பலருக்கு ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளம், கம்பெனி சொல்வதுதான். மணிக்கு இவ்வளவு என்று சூப்பர்வைசர் சொல்வார், மாதக் கடைசியில் வவுச்சரில் கையெழுத்து வாங்குவார்கள், பணம் பேங்கில் விழும். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் கம்பெனியில் மணிக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்). யாரைக் கேட்டாலும் அதே 3 வெள்ளி என்பதால் சட்டமே அவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

டார்மிட்டரியில் என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் வேறு கம்பெனி அண்ணன் ஒருவர் இருந்தார். ஒரு நாள் என் வவுச்சரைப் பார்த்துவிட்டு, "உன் ஐபிஏ கடிதத்தை எடுடா" என்றார். வேலைக்கு வரும் முன்பு மனிதவள அமைச்சு (எம்ஓஎம்) அனுப்பும் கடிதம் அது. தமிழிலும் இருக்கும். ஏஜென்ட் கொடுத்ததைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பலரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் என் அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி என்று இருந்தது. அண்ணன் போனில் கணக்குப் போட்டார். 800ஐ 12ஆல் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். கிட்டத்தட்ட 4 வெள்ளி 20 காசு. ஓ.டி.க்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 6 வெள்ளி 29 காசு. எனக்கு வந்துகொண்டிருந்தது பாதிக்கும் குறைவு.

இந்த 44 எங்கிருந்து வந்தது என்றால், வாரத்துக்கு 44 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் செய்வதெல்லாம் ஓ.டி. உடலுழைப்பு வேலை செய்பவர்களில் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை உள்ளவர்களுக்கு இந்த விதி பொருந்தும். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் நம்ம ஆட்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அதற்குள் வந்துவிடுவோம். மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. வேலை வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. நாங்கள் திங்கள் முதல் சனி வரை காலை 8 முதல் இரவு 7 வரை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் நாளைக்குப் பத்து மணி, வாரத்துக்கு 60. அதில் ஓ.டி. 16. மாதம் சராசரியாக 69 மணி வரும். 72க்குக் கொஞ்சம் கீழே. தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு தனி. ஓய்வு நாளில் கம்பெனி கேட்டு அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். எங்களுக்கு ஒரு நாள் சம்பளம்தான் வந்தது. அதையே பெரிய சலுகை மாதிரி சொல்வார்கள்.

சரி, குறைவு என்று தெரிந்துவிட்டது. நிரூபிப்பது எப்படி? டைம் கார்டு கம்பெனி கையில். எனக்குக் கைகொடுத்தது மூன்று விஷயம். ஒன்று, காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போடும் தாள். சேஃப்டிக்காக வைத்திருப்பது. யாரும் அதைச் சம்பளத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, ஆனால் எந்தத் தேதியில் நான் சைட்டில் இருந்தேன் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கையெழுத்துப் போட்ட கையோடு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். இரண்டு, சூப்பர்வைசரின் வாட்ஸ்அப். "சன்டே ஒர்க், லாரி 7" என்று அனுப்பியிருப்பார். பழையதெல்லாம் அழியாமல் இருந்தது. மூன்று, போனில் கூகுள் மேப்ஸ் தானாகவே பதிந்து வைத்திருந்த போக்குவரத்து விவரம். சைட்டுக்கு வந்த நேரமும் கிளம்பிய நேரமும் அதில் இருந்தன. சம்பள ஸ்லிப் கொடுக்கவேண்டியது 2016 ஏப்ரலில் இருந்தே கட்டாயம். ஓ.டி. நேரமும் தொகையும் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த வவுச்சரில் மொத்தத் தொகை ஒன்றுதான்.

இதையெல்லாம் வைத்து ஒரு நோட்டில் வாரவாரியாகக் கோடு போட்டு எழுதினேன். தேதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், சாதாரண மணி, ஓ.டி. மணி, வரவேண்டியது, வந்தது. சந்தேகமான நாட்களை எனக்குச் சாதகமாகப் போடவில்லை, விட்டுவிட்டேன். பின்னால் இது உதவியது.

எங்கே போவது என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நேரே எம்ஓஎம் போ என்றார்கள், வக்கீலைப் பார் என்றார்கள். உண்மையில் சம்பளப் பாக்கிக்கு முதல் படி டாடம் (TADM). 2017இல் வந்த சமரச அமைப்பு. ஆன்லைனில் சிங்பாஸ் என்ற அரசாங்க அடையாளக் கணக்கை வைத்துப் பதியலாம், ஒர்க் பெர்மிட் உள்ளவர்களும் சிங்பாஸ் எடுத்துக்கொள்ளலாம். அங்கே பேசி முடியாவிட்டால்தான் வேலை தொடர்பான வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயம், அங்கே வக்கீலுக்கு இடமில்லை. உச்ச வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் மூலமாகப் போனால் 30,000. வேலையில் இருக்கும்போது பதிந்தால் ஒரு வருடத்துக்குள் உள்ள பாக்கியைக் கேட்கலாம். அதற்கு முந்தையது போனது போனதுதான். என் கணக்கில் ஓ.டி. வித்தியாசமும் ஞாயிறு வித்தியாசமுமாகச் சேர்த்து 3,400 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் வந்தது.

பதிந்த விஷயம் கம்பெனிக்குப் போனதும் எதிர்பார்த்ததுதான் நடந்தது. பெர்மிட்டைக் கேன்சல் செய்துவிட்டார்கள். ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவோம் என்று ஆபீஸில் ஒருவர் சத்தம் போட்டார். அப்படி யாராவது விமான நிலையம் வரை கூட்டிப்போய்விட்டால், இமிகிரேஷன் கவுன்டரில் "என் சம்பள கேஸ் இருக்கிறது" என்று அதிகாரியிடம் சொல்லலாம் என்று டார்மிட்டரியில் சொல்லி வைத்திருந்தார்கள். அதற்கு அவசியம் வரவில்லை. கேஸ் முடியும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுத்தார்கள். அதில் இருக்கும்போது வேலை செய்ய முடியாது. தங்குமிடமும் சாப்பாடும் அதுவரை கம்பெனி பொறுப்பு. ஆனால் எங்கள் கம்பெனி சாப்பாட்டுப் பணத்தை இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தது. லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 (TWC2) அமைப்பு இப்படி வேலையில்லாமல் காத்திருப்பவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கேதான் பல நாள் சாப்பிட்டேன். என் நோட்டைச் சரிபார்த்துக் கொடுத்ததும் அங்கே வரும் ஒரு தொண்டூழியர் அம்மாதான். கஷ்டம் பசியில்லை. வட்டிக்கு வாங்கிய கடன் ஊரில் ஓடிக்கொண்டிருக்க, சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

சமரசப் பேச்சுக்குக் கம்பெனி சார்பில் ஹெச்ஆர் பெண்ணும், நம்ம ஊர்க்காரரான சீனியர் சூப்பர்வைசரும் வந்தார்கள். அறைக்கு வெளியே அவர், "தம்பி, ஆயிரம் வெள்ளி வாங்கிக்கிட்டு ஊருக்குப் போ, குடும்பத்தைப் பாரு. பேரு கெட்டா அடுத்த கம்பெனி எடுக்காது" என்றார். "கணக்குப்படி பேசலாம்ணே" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே அவர்கள் சொன்ன வாதம் இது: அடிப்படைச் சம்பளம் 500 தான், மீதி 300 அலவன்ஸ், அதனால் ஓ.டி. கணக்கு வேறு. சமரச அதிகாரி தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார், இரண்டு பக்கமும் கேட்பார். தமிழில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் ஐபிஏவை எடுத்து வைத்தேன். என்னிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி அமைச்சுக்கும் தெரிவிக்காமல் அந்தத் தொகையைக் குறைக்க முடியாது. அப்படி எந்தத் தாளும் அவர்களிடம் இல்லை. அப்புறம் நோட்டைத் திருப்பி ஒரு ஓரத்தில் கணக்கு எழுதிக் காட்டினேன். "சரி, 500 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மணிக்கு 3 வெள்ளி 93 காசு வருகிறதே. 3 வெள்ளி எந்தக் கணக்கில்?" ஹெச்ஆர் பெண் தன் கால்குலேட்டரில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். சூப்பர்வைசர் அதற்குப் பிறகு பேசவில்லை. டைம் கார்டு கேட்டபோது சில மாதங்களுக்கு மட்டும் கொண்டுவந்தார்கள். அதில் இருந்ததும் என் நோட்டில் இருந்ததும் அநேகமாக ஒத்துப்போயின. சந்தேக நாட்களை நான் விட்டிருந்ததால் என் பக்கம் கூடுதலாக எங்கேயும் நிற்கவில்லை.

அன்றைக்கு முடியவில்லை. அடுத்த பேச்சில் 2,900 வெள்ளிக்கு வந்தது, இரண்டு தவணையில். முழுத்தொகைக்குத் தீர்ப்பாயம் போயிருக்கலாம். சமரசம் முறிந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள், நான்கு வாரத்துக்குள் அங்கே பதிய வேண்டும். மீதி ஐந்நூறு சொச்சத்துக்காக மேலும் சில மாதம் வேலையில்லாமல் இருக்க எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கடன் இல்லாத ஆளாக இருந்தால் போயிருப்பேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் அதை மாவட்ட நீதிமன்றத்தில் பதிந்துவைத்தேன். இதற்கும் நான்கு வாரக் கெடுதான். பதிந்துவிட்டால் அது கோர்ட் உத்தரவு மாதிரி, தவணை தவறினால் வசூலிக்க வழி உண்டு. பலர் இந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். முதல் தவணை சொன்ன தேதியில் வந்தது. இரண்டாவது தாமதமானபோது, பதிந்திருப்பதை ஒரு மெசேஜில் சொன்னேன், அதே வாரம் பணம் வந்தது.

என் கூட வேலை பார்த்த ஒருவர் இதைக் கேட்டு ஊரிலிருந்து போன் செய்தார். அவர் பெர்மிட் முடிந்து போய் ஏழு மாதம். வேலையை விட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். அவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. இன்னும் வேலையில் இருந்த இரண்டு பேர் என் நோட்டைப் பார்த்து அதே மாதிரி எழுத ஆரம்பித்தார்கள்.

சம்பள கேஸ் நியாயமானது என்பதால் இங்கேயே வேறு கம்பெனி பார்க்க அமைச்சு அனுமதி கொடுத்தது. புதுக் கம்பெனியில் முதல் மாத ஸ்லிப்பில் ஓ.டி. ஒன்றரை மடங்கில்தான் இருந்தது, ஒரு ஞாயிறு மட்டும் விட்டுப்போயிருந்தது. ஆபீஸில் அக்காவிடம் டூல்பாக்ஸ் தாளின் படத்தைக் காட்டினேன். அடுத்த மாதம் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.