கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்குப் பால் வெட்டு வேலை. விடியுமுன் தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு போய், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அப்புறம் அங்கே வெட்ட முடியாது. அப்படிக் காயம் அடிக்கடி விழ ஆரம்பித்த பிறகுதான் அப்பா கண்ணைப் பற்றியே வாய் திறந்தார்.

மார்த்தாண்டத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்து நம்பர் மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதத்தில் அதுவும் சரிப்படவில்லை. மறுபடி வேறு நம்பர். கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து லென்ஸைப் பொருத்துவது நுணுக்கமான வேலை, அதை அவர்கள் நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் சர்க்கரை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பிறகு நாகர்கோவிலில் ஒரு கண் மருத்துவமனை. முதலில் பார்த்தவர் ஆப்டோமெட்ரிஸ்ட். கண் பரிசோதனைக்கென்றே நான்கு வருடப் பட்டப்படிப்பு படித்தவர், எம்.பி.பி.எஸ். அல்ல, ஆபரேஷன் செய்யமாட்டார். லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்புறம் பொடித் துளைகள் உள்ள கறுப்புத் தட்டைக் கண்முன் பிடித்து, "இது வழியா வாசிங்க அப்பா" என்றார். அப்போதும் அதே வரிக்குக் கீழே தெரியவில்லை. வெறும் நம்பர் கோளாறு என்றால் துளை வழியே எழுத்து தெளியுமாம். "இது கண்ணாடியால தீராது, டாக்டர் உள்ளே பார்க்கணும்" என்று சொல்லிச் சொட்டு மருந்து விட்டார்.

கண் டாக்டர் எம்.பி.பி.எஸ். முடித்துக் கண்ணுக்கென்று மேல்படிப்பு படித்தவர். சொட்டு மருந்தில் கண்மணி விரிந்ததும், கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரையைப் பார்த்தார். சர்க்கரையால் அங்கங்கே இரத்தக் கசிவு, நடுவில் நீர்க்கோர்வை. சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணாடி நம்பரும் மாறும் என்றும் சொன்னார். அந்த மருந்து விட்டால் சில மணி நேரம் வெயில் கூசும், பக்கத்து எழுத்து தெரியாது. துணைக்கு ஆள் வேண்டும்.

அங்கிருந்து விழித்திரை நிபுணரிடம் அனுப்பினார்கள். அவரும் கண் டாக்டர்தான். விழித்திரைக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். "கண்ணுக்குள்ளயா மக்களே?" என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போட்டார்கள், அப்பா முகம் சுளிக்கக்கூட இல்லை. ஊசி இன்னும் தொடர்கிறது. செலவுக்குத் தயங்குகிறவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவுக்குப் போய்க் காட்டலாம்.

நீர் வற்றிச் சர்க்கரையும் ஒரு நிலைக்கு வந்தபின் புது நம்பர் எழுதித் தருவதாக ஆப்டோமெட்ரிஸ்ட் சொல்லியிருக்கிறார். அதுவரை பால் வெட்டுக்குத் தம்பி போகிறான்.