நாட்களை எண்ணாமல் விட்ட காய்ச்சல்

எங்கள் மூன்று வயது மகனுக்கு, சிறு குழந்தைகளின் இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கும் கவாசாகி நோய்க்கான மருந்து ஏறத் தொடங்கியது, காய்ச்சல் கண்ட எட்டாம் நாள் இரவில். பத்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டிய மருந்து அது என்பதே எங்களுக்கு அதற்குச் சில மணி நேரம் முன்புதான் தெரிய வந்தது. கைவசம் மிஞ்சியிருந்த அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இந்த நோயை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஐந்து நாள் காய்ச்சலோடு, பீளை தள்ளாமல் சிவக்கும் கண்கள், வெடித்த உதடும் ஸ்ட்ராபெரி போலச் சிவந்த நாக்கும், உடலில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி ஆகிய ஐந்தில் குறைந்தது நான்கு இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் முடிவுசெய்கிறார்கள். எங்கள் மகனுக்கோ இவை ஒரே நாளில் வரவில்லை. இரண்டாம் நாள் முதுகில் தோன்றிய தடிப்பு, மருத்துவரிடம் போவதற்குள் மறைந்துவிட்டது. நான்காம் நாள் கண் சிவந்தபோது பார்த்தவர் வேறொரு மருத்துவர். தடிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சிறுநீரில் வெள்ளணுக்கள் கூடியிருந்ததால் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். கிருமி எதுவும் வளரவில்லை என்ற முடிவு ஆறாம் நாளே வந்திருந்தும், அதைக் கேட்டு வாங்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆய்வகமும் யாருக்கும் தெரிவிக்கவில்லை. கிருமியே இல்லாமல் சிறுநீரில் வெள்ளணுக்கள் தென்படுவது இந்த நோயில் அடிக்கடி நடப்பதுதானாம்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியவை, தன் அம்மாவுக்கு அனுப்புவதற்காக என் மனைவி கைபேசியில் எடுத்து வைத்திருந்த படங்கள். எட்டாம் நாள், வீங்கிய பாதங்களைப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர், "இதற்கு முன் தடிப்பு ஏதாவது வந்ததா?" என்று கேட்க, மனைவி கைபேசியை நீட்டினார். அவர் தேதிவாரியாக ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் எக்கோவுக்கு, அதாவது இதய ஸ்கேனுக்கு, எழுதினார். இந்த நோயை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1967ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் கட்டுரையும் 50 குழந்தைகளின் அறிகுறிகளைக் கவனமாகக் குறித்து வைத்து எழுதியதுதான் என்று பிறகு படித்தபோது, எங்கள் அலட்சியம் இன்னும் உறுத்தியது. உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் மூன்று நாட்களைத் தாண்டினால், காய்ச்சல் தொடங்கிய நாளை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். தோலிலோ கண்ணிலோ எது தோன்றினாலும் மறைவதற்குள் படமெடுத்து வையுங்கள்.

சிகிச்சை சிக்கலின்றி நடந்தது: எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் இம்யூனோகுளோபுலின் (இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்), ஒரே தடவையாகப் பன்னிரண்டு மணி நேரம். மருந்து முடிந்து 36 மணி நேரம் கடந்தும் காய்ச்சல் திரும்பாததால் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனிகளில் புடைப்பு உண்டாகும் என்றும், உரிய காலத்தில் மருந்து ஏறினால் அது நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குக் குறையும் என்றும் சொன்னார்கள். மூன்றாம் வாரத்தில் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. முன்பே எச்சரித்திருந்ததால் பதறவில்லை.

பதற்றம் எக்கோவில் வந்தது. இரண்டு வாரம் கழித்து எடுத்த அறிக்கையில் தமனியின் விட்டம் மில்லிமீட்டரில் இருந்தது; உயரம், எடைக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. குழந்தையின் உடலளவோடு ஒப்பிடும் இசட் ஸ்கோர் இல்லாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்று இதய மருத்துவர் திருப்பி அனுப்பினார். அழுது ஓய்ந்த குழந்தையோடு மீண்டும் அதே வரிசையில் நின்றோம். இம்முறை உயரமும் எடையும் அளக்காமல் உள்ளே போக மாட்டோம் என்று நின்றதில் வந்த விடை 2.3: விரிவுதான், புடைப்பில்லை. எட்டாம் வாரத்தில் அது 2க்குக் கீழே இறங்கியது, இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்துவந்த ஆஸ்பிரினையும் நிறுத்தினார்கள். அதுவரை இபுப்ரோஃபென் என்ற காய்ச்சல், வலி மருந்தைத் தரவே கூடாது என்பதும், வீட்டில் யாருக்காவது ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதும் நாங்கள் கேட்ட பிறகே கிடைத்த தகவல்கள்.

மிச்சமிருந்தது தடுப்பூசி. இந்த மருந்து ஏறியபின் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), சின்னம்மைத் தடுப்பூசிகளை 11 மாதங்கள் தள்ளிப்போட வேண்டும். எங்கள் டிஸ்சார்ஜ் தாளிலோ மருந்து ஏறிய தேதியே இல்லை. "வீட்டுக்குப் போன தேதிதான் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்ட பதிவறை ஊழியரிடம் அரை நாள் வாதாடி, தேதியையும் அளவையும் எழுதி முத்திரையோடு வாங்கி வந்தேன். அந்தத் தாளின் நகல் இப்போது தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் குத்தப்பட்டிருக்கிறது. அடுத்த தவணைக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன.