கரியமில வாயு ஏற்றிய ஜல்லி: ஈயம் அடங்கும், குரோமியம் கிளம்பும்

இடித்த கான்கிரீட்டை உடைத்துக் கரியமில வாயு ஏற்றிய ஜல்லியை விற்பவர்கள், நீர் உறிஞ்சுவது குறைந்ததைத்தான் முதலில் காட்டுவார்கள். அது உண்மைதான். ஒட்டியிருக்கும் பழைய சாந்தின் துளைகளைக் கால்சியம் கார்பனேட் அடைத்துவிடுகிறது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கேட்க வேண்டியது வேறு: மழைநீரில் எது கரைந்து வரும்?

கான்கிரீட் துளைநீரின் பி.எச். (அமில-கார அளவு; 7க்கு மேல் காரம்) 12.5க்கு மேல் இருக்கும். வாயு ஏறினால் 8–9க்கு இறங்கும். ஈயமும் துத்தநாகமும் கடுங்காரத்தில் கரைபவை, எனவே இந்த இறக்கத்தில் கரையாமல் அடங்கிவிடும். குரோமியத்தின் நச்சு வடிவமான குரோமியம்-6 எதிர்த்திசையில் போகிறது. சிமென்ட் இறுகும்போது உருவாகும் எட்ரிங்கைட் படிகத்துக்குள் சல்பேட்டின் இடத்தில் குரோமேட்டாகப் புகுந்திருக்கும் அதை, வாயு படிகத்தைச் சிதைத்து அவிழ்த்துவிடுகிறது. ஈய அறிக்கையை மட்டும் நீட்டினால் நம்பாதீர்கள்.

இடிபாடு வந்த இடத்தை முதலில் விசாரியுங்கள். தோல் தொழிற்சாலைத் தளங்களில் ஊறியது பெரும்பாலும் நச்சு குறைந்த குரோமியம்-3. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேட்டில் இருப்பதோ குரோமியம்-6. அந்த வட்டாரத்து இடிபாட்டைத் தனியே குவித்துச் சோதிக்க வேண்டும்.

சோதனைக்கு 10 மி.மீ.க்குக் கீழான ஜல்லி, உலர்எடையில் 90 கிராம். காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி. மூடிய புட்டியில் 24 மணிநேரம் சுழற்றி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து இரண்டாகப் பிரியுங்கள். ஈயத்துக்கான புட்டியில் மட்டும் நைட்ரிக் அமிலம் விடலாம். குரோமியம்-6 புட்டியில் விட்டால் அது குரோமியம்-3 ஆக மாறி, அளவு குறைத்துக் காட்டும். அசிட்டிக் அமிலச் சோதனை இங்கே உதவாது. அந்த அமிலம் பி.எச். வித்தியாசத்தையே அழித்துவிடும். இன்னொரு பொறி: வாயு ஏற்றிய பிறகு ஜல்லியை உடைத்தால் வாயு எட்டாத உட்பகுதி வெளிவந்து பி.எச். மறுபடி ஏறும். உடைப்பதை முதலில் முடித்துவிட்டு, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 50–70 சதவீதத்தில் இருக்கும்படி வாயு ஏற்றுங்கள். நனைந்த ஜல்லிக்குள் வாயு நுழையாது. முற்றிலும் காய்ந்ததிலும் வினை நடக்காது.

வடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மி.கி. தாண்டினால் (குடிநீர் வரம்பு அதுதான், ஒப்பிட மட்டும்) குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக மாற்ற, அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்த நீரில் கழுவலாம். 1 கிராம் குரோமியம்-6க்குக் கணக்குப்படி 16 கிராம் அன்னபேதி; காற்றும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் கூடுதலாகவே வேண்டும். பழுப்பேறிய பழைய அன்னபேதி வேலைக்கு ஆகாது. கழுவிய நீரும் சேறும் ஏரிக்கால்வாய்க்குப் போகக் கூடாது.

ஜல்லிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 (2016), மெலிந்த (சிமென்ட் குறைந்த) கான்கிரீட்டில் இடித்த கான்கிரீட் ஜல்லியை 100 சதவீதமும், கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 என்ற வலிமைத் தரம் வரை 20 சதவீதமும் அனுமதிக்கிறது. பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கு அருகே மட்டும் தளர்வான நிரப்பாகக் கொட்டாதீர்கள்.