சுவரிலேயே இருந்தது

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பழைய தனிம வரிசை அட்டவணை ஒன்று தொங்குகிறது. துணியில் ஒட்டிய தாள், மேலும் கீழும் மரக்கட்டை, தேசப்படம் போலச் சுருட்டி வைக்கலாம். 103ஆம் தனிமமான லாரன்சியத்தோடு முடிந்துவிடும். நான் இங்கே முதுகலை ஆசிரியராக வந்து சேர்ந்தபோதே அது இருந்தது. முதல் ஆறு வருடம் அணு எண் பார்க்கவும் அணு நிறை பார்க்கவும் மட்டும்தான் அதன் பக்கம் போனேன்.

பிளஸ் ஒன் பாடத்தில் எலக்ட்ரான் அமைப்பு என்று ஒரு பகுதி வரும். ஓர் அணுவின் எலக்ட்ரான்கள் எந்தெந்த ஆர்பிட்டாலில், அதாவது கருவைச் சுற்றி எலக்ட்ரான் இருக்கக்கூடிய எந்தெந்த இடத்தில், இருக்கின்றன என்று எழுத வேண்டும். 1எஸ், 2பி என்று எழுதினால் எண் எத்தனையாவது கூடு என்பதையும், எழுத்து ஆர்பிட்டாலின் வகையையும் சொல்லும். அதற்கு வழக்கமாகச் சொல்லித் தருவது அம்புக்குறிப் படம். 1எஸ், அதன் கீழே 2எஸ் 2பி, அதன் கீழே 3எஸ் 3பி 3டி என்று படிக்கட்டு மாதிரி எழுதி, குறுக்கே சாய்வாக அம்பு போட்டுக்கொண்டே போனால் எது முதலில் நிரம்பும், எது அடுத்தது என்று வந்துவிடும். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படியேதான் நடத்தினேன். பிள்ளைகள் படத்தை மனப்பாடம் செய்வார்கள். அம்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தேர்வில் மறந்துவிட்டால் விடை முழுக்கப் போய்விடும்.

ஆறாவது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சிறுதேர்வு வைத்தேன். வகுப்பறையில் வேலை நடந்ததால் ஆய்வகத்தில்தான் உட்கார வைத்திருந்தேன். ஆர்சனிக், அணு எண் 33, எலக்ட்ரான் அமைப்பு எழுதுக. பாதிப் பேர் அம்புப் படத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு மாணவி மட்டும் படமே போடாமல், ஒரு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். அதிகம் பேசாத பெண். பக்கத்தில் பார்த்து எழுதியிருப்பாளோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படி நினைத்ததற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

“எப்படிம்மா போட்ட?” என்று கேட்டேன். எழுந்து வந்து அட்டவணையின் முன்னால் நின்றாள்.

“ஹைட்ரஜன்லேருந்து வரிசையா வந்தேன் மிஸ். டவுன் பஸ்ல ஸ்டேஜ் ஸ்டேஜா வர்ற மாதிரி. ஆர்சனிக்குக்கு வரணும்னா முன்னாடி இருக்கற 32 கட்டத்தையும் தாண்டித்தானே வரணும்?”

விரலை வைத்துக் காட்டினாள். முதல் வரிசையில் இரண்டு கட்டம், 1எஸ்² (மேலே இருக்கும் சிறு எண் அங்கே உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை). இரண்டாம் வரிசையில் இடது பக்கம் இரண்டு, 2எஸ்². வலது பக்கம் ஆறு, 2பி⁶. மூன்றாவது வரிசையும் அதே மாதிரி. நான்காவதில் இடது பக்கம் இரண்டு, நடுவில் பத்து, அப்புறம் காலியம், ஜெர்மானியம், ஆர்சனிக் என்று மூன்று. எனவே 4பி³.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எஸ் தொகுதி, பி தொகுதி, டி தொகுதி என்று அடுத்த பாடத்தில் நானே நடத்துகிறேன். அந்தப் பெயர்களே எலக்ட்ரான் போய்ச் சேரும் இடத்தை வைத்து வந்தவைதான். ஆனால் இந்தப் பாடத்தையும் அந்தப் பாடத்தையும் நான் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை. அதற்கும் இதற்கும் நடுவே ஒரு மாதம் இடைவெளி, வேறு வேறு அலகு, வேறு வேறு மதிப்பெண்.

அவள் விடையில் ஒரு தவறு இருந்தது. நடுப்பத்துக் கட்டங்களை 4டி¹⁰ என்று எழுதியிருந்தாள். நான்காவது வரிசையில் இருப்பதால் 4 என்று போட்டேன் என்றாள். நியாயமான தவறு. 3டி என்று திருத்தினேன். “ஏன் மிஸ்?” என்றாள்.

இந்தக் கேள்வியை வேறு உருவத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எப்போதும் கேட்பார்கள். மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான் இடம் பிடிக்கும் என்று சொல்கிறோம். அடுத்த மூச்சிலேயே பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1 என்று எழுதச் சொல்கிறோம். மூன்றாவதில் இன்னும் பத்து இடம் காலியாகக் கிடக்கும்போது ஏன் ஓர் எலக்ட்ரான் நான்காவதுக்குப் போகிறது? “அப்படித்தான், எழுதிக்கோங்க” என்று நான் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று தாண்டிப் போக மனம் வரவில்லை. மணி அடித்த பிறகும் அவளோடு மூன்று நான்கு பேர் நின்றார்கள், பேசினோம்.

பொட்டாசியத்தின் 19ஆவது எலக்ட்ரானுக்கு இரண்டு இடம் இருக்கிறது: 3டி, 4எஸ். 3டியின் வடிவம் அணுக்கருவுக்கு மிக அருகே போகவிடாது. உள்ளே ஏற்கெனவே இருக்கும் 18 எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பைப் பெருமளவு மறைத்துவிடும். 4எஸ் வெளியே நன்றாக விரிந்திருந்தாலும், அதன் ஒரு சிறு பங்கு உள்கூடுகளை ஊடுருவிக் கருவுக்குப் பக்கம் வரை போகிறது. அங்கே முழு ஈர்ப்பும் கிடைக்கிறது. அதனால் 4எஸ்ஸின் ஆற்றல் குறைவு. 19ஆவதும் 20ஆவதும் அங்கே போகின்றன. அதன் பிறகு ஸ்காண்டியத்தில்தான் 3டி தொடங்குகிறது, துத்தநாகத்தில் முடிகிறது. நடுப்பகுதிக்கு வரிசை எண்ணில் ஒன்று குறைய வேண்டும், அடியில் தனியாகப் போட்டிருக்கும் எஃப் பகுதிக்கு இரண்டு குறைய வேண்டும். ஆர்கானுக்கு அப்புறம் வரிசை ஏன் முறிகிறது என்ற கேள்விக்கும் அதே பதில்தான்: எட்டு நிரம்பியதும் அடுத்த எலக்ட்ரான் புதிய கூட்டுக்குப் போய்விடுகிறது.

அடுத்த வாரம் முழு வகுப்புக்கும் திரும்ப நடத்தினேன். கரும்பலகையில் பெயரே இல்லாத வெறும் கட்டங்களை வரைந்து, நான்கு நிறச் சாக்பீஸால் பகுதி பிரிக்கச் சொன்னேன். அகலத்தை எண்ணினார்கள்: 2, 6, 10, 14. ஒவ்வொன்றையும் இரண்டால் வகுத்தால் 1, 3, 5, 7. எஸ்ஸுக்கு ஓர் ஆர்பிட்டால், பிக்கு மூன்று, டிக்கு ஐந்து, எஃபுக்கு ஏழு. ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரானுக்கு மேல் இருக்க முடியாது என்று 1925இல் இயற்பியலாளர் பௌலி சொன்ன தத்துவத்தைப் பிள்ளைகள் கட்டங்களை எண்ணியே தொட்டுவிட்டார்கள். வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டிக்கொண்டே போனால் 2, 10, 18, 36, 54, 86, 118. மந்த வாயுக்களின் அணு எண்கள் இவைதான். கூட்டிப் பார்த்த பையன் ஒருவன் திரும்பிச் சுவர் அட்டவணையைப் பார்த்துச் சரிபார்த்தான். அவன் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சிக்காகவே இந்தப் பாடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நடத்தலாம்.

ஹீலியம் மட்டும் அவர்களை உறுத்தியது. அதன் இரண்டு எலக்ட்ரானும் எஸ்ஸில் இருக்கின்றன. பெரிலியத்தின் தலைக்கு மேல் இருக்க வேண்டியது வலது ஓரத்தில் போய் நிற்கிறது. எலக்ட்ரானைப் பார்த்தால் இந்தப் பக்கம், குணத்தைப் பார்த்தால் அந்தப் பக்கம் என்று சொன்னேன். முதல் கூடு இரண்டோடு நிரம்பிவிடுவதால் அது எதனோடும் சேராது. கூடவே 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 கிரகணத்தைப் பற்றியும் சொன்னேன். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்து ஜான்சன் என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனின் நிறமாலையைப் பார்த்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் பதிவான ஒரு மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் தடயம்.

மெண்டலீவைப் பற்றிச் சொல்லும் விதமும் எனக்கு மாறியது. 1869இல் அவர் அட்டவணை போட்டபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63. எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897இல். 28 வருடம் கழித்து! எது எதனோடு எந்த அளவில் சேர்கிறது, அணு நிறை என்ன என்பதை மட்டும் வைத்து அடுக்கினார். உள்ளே இருக்கும் ஒன்று அந்தச் சேர்க்கையை நடத்துகிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அதன் சாயல் அவர் தாளில் விழுந்துவிட்டது. முன்பெல்லாம் இந்த ஆண்டுகளை ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் கதையை அந்த மாணவிக்காகவே தேடிப் படித்து வந்து சொன்னேன். 1922 வாக்கில் 72ஆம் தனிமம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அருமண் உலோகங்களில் (அடியில் தனியாக இருக்கும் எஃப் பகுதியின் மேல் வரிசை) ஒன்றாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். நீல்ஸ் போர் எலக்ட்ரான்களை எண்ணினார். 4எஃபில் 14 இடம்தான். அது 71ஓடு நிறைந்துவிடும். அப்படியானால் 72ஆவது அருமண் உலோகம் அல்ல, சிர்கோனியத்துக்குக் கீழே உட்கார வேண்டியது. சிர்கோனியத் தாதுவில் தேடினார்கள். கோஸ்டரும் ஹெவிசியும் கோபன்ஹேகனில் எக்ஸ் கதிர் நிறமாலையில் அதைக் கண்டார்கள். அந்த ஊரின் லத்தீன் பெயரை வைத்து ஹாஃப்னியம் என்று பெயரிட்டார்கள். “நீ ஆர்சனிக்குக்குச் செஞ்சதத்தான் அவர் 72க்குச் செஞ்சார்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ் உவமை ஓர் இடத்தில் நின்றுபோனது. இரும்பின் அமைப்பு எழுதும்போது 4எஸ்² முதலில், 3டி⁶ அப்புறம். ஆனால் இரும்பு இரண்டு எலக்ட்ரானை இழந்து அயனியாகும்போது போவது 4எஸ். “கடைசியா ஏறினவங்கதானே வாசல் பக்கம் இருப்பாங்க, அவங்கதானே மொதல்ல இறங்கணும்?” என்றார்கள் பிள்ளைகள். அட்டவணை நிரம்பும் வரிசையைச் சொல்லும். கிளம்பும் வரிசையைச் சொல்லாது. கருவில் புரோட்டான் கூடக்கூட 3டி உள்ளே இழுக்கப்பட்டு 4எஸ்ஸை விட ஆற்றல் குறைந்ததாகிவிடுகிறது. 4எஸ் வெளி ஓரத்தில் நிற்கிறது, அதுவே முதலில் போகிறது. இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். குரோமியம் (3டி⁵ 4எஸ்¹), காப்பர் (3டி¹⁰ 4எஸ்¹) விதிவிலக்குகளும் அப்படித்தான். பாதி நிரம்பினால் நிலைப்பு, முழுதும் நிரம்பினால் நிலைப்பு என்று வருடக்கணக்காகச் சொல்லியிருந்தேன். பின்னொரு வருடம் ஒருவன், குரோமியத்துக்குக் கீழே அதே நெடுவரிசையில் இருக்கும் டங்ஸ்டன் மட்டும் ஏன் 5டி⁴ 6எஸ்² என்று கேட்டான். அப்போதுதான் அந்த ஒற்றை வாக்கியம் எவ்வளவு குறைபட்டது என்று எனக்கு உறைத்தது. பல ஆற்றல்கள் ஒன்றையொன்று இழுக்கும் இடத்தில் சிறு வித்தியாசம் முடிவை மாற்றுகிறது. கனமான அணுக்களில் 6எஸ் கருவோடு இன்னும் இறுகிக்கொள்கிறது. இவ்வளவையும் பிளஸ் ஒன்னில் நடத்த நேரம் கிடையாது. ஆனால் விதிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

தேர்வு அறையில் சுவர்ப் படங்களைக் கழற்றிவிடுவோம். அதனால் என் பிள்ளைகள் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வெற்று அட்டவணையைக் கோட்டுருவாகப் போட்டுக்கொள்கிறார்கள். இடது பக்கம் 2, நடுவில் 10, வலது பக்கம் 6. போட அரை நிமிடம்கூட ஆகாது. அம்புப் படம் பிடித்தவர்கள் அதையே போடட்டும், நான் தடுப்பதில்லை.

2016 நவம்பரில் கடைசி நான்கு தனிமங்களுக்குப் பெயர் வந்து ஏழாவது வரிசை முழுமையானது. பழைய அட்டவணையை மாற்றிவிடலாம் என்றார்கள், நான் விடவில்லை. 104 முதல் 118 வரை பிள்ளைகளே சார்ட் தாளில் எழுதி வெட்டி ஒட்டினார்கள். 119 வந்தால் எங்கே ஒட்டுவது என்று ஒருத்தி கேட்டாள். பிரான்சியத்துக்குக் கீழே, 8எஸ்¹, இதுவரை யாரும் அதை உருவாக்கவில்லை என்றேன். அவள் ஸ்கேலை எடுத்து அடியில் இரண்டு கட்டம் வரைந்தாள். பக்கத்தில் இருந்தவன் 1, 3, 5, 7க்கு அப்புறம் 9 வரும், அப்படியானால் புதுப் பகுதிக்கு 18 கட்டம் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

“எட்டாவது வரிசைக்கு மொத்தம் 50 கட்டம் மிஸ். இந்தச் சார்ட் பத்தாது.”