பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு பால்கனி

அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கப்பல்ல பாய் விரிச்சு உக்கார எடம் இருக்குமா கண்ணு?"

தம்பி ஓசூரிலிருந்து போன் செய்து, சிங்கப்பூரில் கப்பல் ஏறி மலேசியாவின் போர்ட் கிள்ளான், பினாங்கு பார்த்துவிட்டுத் திரும்பும் மூன்று இரவுப் பயணம் ஒன்று இருக்கிறது, அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பணம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று எதுவும் அம்மா கேட்கவில்லை. பாய் ஒன்றுதான்.

அவருக்கு 71 வயது. நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் பாதம் வீங்கிவிடும். காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில், தூணில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தே பழகியவர். காய்கறிக்காரர், பால்காரர், மாங்காய் ஏற்றிப் போகும் டெம்போ எல்லாம் அங்கிருந்தே அவருக்குத் தெரியும்.

பாய்க்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தாத்தா, அம்மாவின் அப்பா, ரஜூலா கப்பலில் மலாயா போய்ப் பிழைத்துவிட்டு வந்தவர். 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் சேலம் ஜில்லாவாக இருந்த காலம். தாத்தாவுக்கு அறை ஏது? டெக் டிக்கெட். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். ராத்திரி பகல் எல்லாம் அந்தப் பாயில்தான். "கண்ணு எட்டுற வரைக்கும் தண்ணி, அதப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்" என்று சொல்வாராம். அதே கடலை அம்மா ஒரு தடவை பார்க்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக இல்லை, காற்று முகத்தில் படும்படி.

அதனால் பால்கனி உள்ள அறை என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. பெங்களூரில் ஒரு ஏஜென்டிடம் பேசினோம். "பால்கனி ரூம்னா எல்லாம் ஒரே சைஸ்தான் மேடம், நீங்க கவலையே படாதீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இரண்டு வாரம் தூங்க விடவில்லை. ஏனென்றால் அது உண்மையில்லை.

கப்பலின் ஒவ்வொரு தளத்துக்கும் வரைபடம் உண்டு. டெக் பிளான் என்பார்கள். அதை லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஒரே வகை, ஒரே விலை, ஆனால் அறைக்கு வெளியே இருக்கும் அந்தச் சின்னக் கட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. கப்பலின் பக்கச் சுவர் நேர்கோடாகப் போவதில்லை. சில கப்பல்களில் நடுப்பகுதி கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்த வளைவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் இருக்கும் அறைகளின் பால்கனி சரிவகம் போல, ஒரு முனை குறுகி மறுமுனை அகன்று இருக்கும். மூலை மனையில் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிற மாதிரிதான்.

ஆழம் அதிகமான பால்கனிகள் பெரும்பாலும் பின்பக்கம்தான். கப்பல் விட்டுப் போகும் வெள்ளை நுரைக்கோடு முழுக்கத் தெரியும். பின்பக்கத்து மூலை அறையாக இருந்தால் சில கப்பல்களில் இரண்டு பக்கமும் சுற்றி வரும் பால்கனியே உண்டு. தம்பி அதைத்தான் பிடித்துக்கொண்டான். நானும் ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டேன். அப்புறம் வரைபடத்தில் லிஃப்ட் எங்கே என்று பார்த்தேன். இந்தக் கப்பல்கள் சாதாரணமாகவே 300 மீட்டர் நீளம் இருக்கும். கடைசி அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடப்பது என்றால், எங்கள் வீட்டிலிருந்து மாரியம்மன் கோயிலுக்குப் போகிற தூரம். மூன்று வேளையும் அம்மாவால் முடியாது. பின்பக்கம் இயந்திர அதிர்வும் கூடுதல், கரை சேரும்போது கயிறு இழுக்கும் சத்தமும் அங்கே கேட்கும். போதாததற்கு, பின்பக்க பால்கனிகள் படிக்கட்டு மாதிரி அமைந்த கப்பல்களில் மேல் தளத்தில் நிற்பவருக்குக் கீழே பாய் போட்டிருப்பவர் தெரிவார். அம்மா நிம்மதியாகக் கால் நீட்ட வேண்டாமா? விட்டுவிட்டோம்.

பால்கனியின் தடுப்பு எதனால் ஆனது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. எங்களுக்கோ அதுதான் முதல் கேள்வி. நின்று பார்ப்பவருக்கும் நாற்காலியில் உட்காருபவருக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியாது. தரையில் உட்காருபவருக்கு எல்லாமே அதுதான். சில கப்பல்களில் கீழ்த் தளத்து பால்கனிகளுக்கு இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தகடு. பாயில் உட்கார்ந்தால் பெயின்ட் அடித்த இரும்பை மட்டும்தான் பார்க்க முடியும். கண்ணாடித் தடுப்பு இருந்தால் தரையிலிருந்தே கடல் தெரியும். அதே போல, உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்துக்கு நேர் மேலே இருக்கும் அறைகளையும் தவிர்த்தேன். எட்டிப் பார்த்தால் கடல், உட்கார்ந்தால் படகின் கூரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஏஜென்ட் அனுப்பிய அளவுப்படி சாதாரண பால்கனி எட்டரை அடி அகலம், நாலரை அடி ஆழம். அதற்குள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு முக்காலி. மிச்ச இடத்தில் அம்மாவின் கோரைப்பாயை விரித்தோம். விரியவில்லை. நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் விரிகிறது, ஆனால் அம்மாவைத் தவிர வேறு யாரும் உட்கார முடியாது. அம்மா உட்கார்ந்து காலை நீட்டினார். பெருவிரல் சாக்பீஸ் கோட்டைத் தொட்டது. "இது போதும்டி" என்றார். எனக்குப் போதவில்லை. தனியாக உட்கார்ந்து கடலைப் பார்க்கவா அவரை அவ்வளவு தூரம் கூட்டிப் போகிறோம்?

பக்கத்திலேயே வளைவு அறையின் கோட்டையும் போட்டேன். ஒரு முனையில் ஐந்தடி, மறுமுனையில் ஏறக்குறைய எட்டடி ஆழம். அகன்ற முனையில் பாய், குறுகிய முனையில் நாற்காலி இரண்டு. நான் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

நடுவில் ஏஜென்ட் இன்னொரு யோசனை சொன்னார். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு என்று ஒதுக்கிய அறை, உள்ளும் பெரிது, பால்கனியும் பெரிது, வாசலில் படி தட்டாது, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி வாங்கிவிடலாம் என்றார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஒரு கப்பலில் அந்த மாதிரி அறைகள் கொஞ்சம்தான் இருக்கும். அம்மா மெதுவாக நடப்பார், ஆனால் நடப்பார். அது இல்லாமல் பயணமே போக முடியாதவர் ஒருவர் எங்கோ இருக்கிறார்.

பணம் கட்டிய பிறகுதான் ஒரு குழப்பம். ரசீதில் அறை எண் இருக்க வேண்டிய இடத்தில் கேரண்டி என்று போட்டிருந்தது. அப்படியென்றால் பால்கனி வகை உறுதி, எந்த அறை என்பதைக் கப்பல்காரர்கள் பின்னால் முடிவு செய்வார்கள். விலை கொஞ்சம் குறைவு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் போட்டிருந்தார் ஏஜென்ட். இரண்டு வாரம் கோடு போட்டுப் பார்த்ததெல்லாம் வீணா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு நாள் விடாமல் போன் செய்து, வித்தியாசத் தொகையைக் கட்டி, நான் கேட்ட அறை எண் அச்சாகி வந்த பிறகுதான் சோறு இறங்கியது. அறை முக்கியம் என்றால், எண் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். சிங்கப்பூர் விசாவையும் பாருங்கள். கப்பல் திரும்பவும் அங்கேதான் வரும், அதனால் ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைத் தம்பிதான் கண்டுபிடித்தான். மலாக்கா நீரிணையில் கப்பல் வடமேற்காகப் போகும். இடப்பக்க அறைக்குச் சாயங்காலம் சூரியன் மறைவது தெரியும். திரும்பும்போது தென்கிழக்காக வரும். அப்போது அதே இடப்பக்கம் கிழக்குப் பார்த்திருக்கும். ஒரே அறையில் அஸ்தமனமும் உதயமும். இன்னொன்றும் உண்டு. நம் ரோட்டில் இடது ஓரம் போகிறோம், கடலில் வலது ஓரம். அதனால் போகும்போதும் வரும்போதும் எதிரே வரும் கப்பல்கள் எல்லாம் இடப்பக்கத்தில்தான் கடக்கும்.

பெங்களூரில் விமானம் ஏறியது, மெரினா பே துறைமுகத்தில் வரிசையில் நின்றது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். அறைக் கதவைத் திறந்ததும் நான் கட்டிலைக்கூடப் பார்க்கவில்லை, நேராக பால்கனிக்குப் போனேன். வாசலில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு படி. அம்மா கையைப் பிடித்துத் தாண்டினார். பெட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்த பாயை அகன்ற முனையில் விரித்தேன். பாய் முழுசாக விரிந்து, கண்ணாடிக்கும் பாய்க்கும் நடுவே ஒரு முழம் மிச்சம் இருந்தது. மேல் தளத்து பால்கனி கூரை மாதிரி நிழல் தந்தது. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டினார். சேலைக் கரையைப் பாதத்துக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டார். திண்ணையில் உட்காரும்போது செய்கிற அதே இழுப்பு.

விளக்கேற்ற ஆசைப்பட்டார். கப்பலில் நெருப்புக்கு அனுமதியே கிடையாது, ஊதுபத்திகூட ஏற்றக்கூடாது. பேட்டரி விளக்கு ஒன்றை வைத்தோம். கதவைத் திறந்து வைத்தால் அறையில் ஏசி நின்றுவிடுகிறது என்பதும் அங்கே போய்த்தான் தெரிந்தது. சாத்திவிட்டு வெளியிலேயே இருந்தோம்.

ஏழு மணி தாண்டி சூரியன் இறங்கியது. அங்கே நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். இருட்டியதும் எதிர்க் கப்பல்கள் வரத் தொடங்கின. எண்ணெய்க் கப்பல், கண்டெய்னர் அடுக்கிய கப்பல், ஒன்றன்பின் ஒன்றாக விளக்கு. "தொப்பூர் கணவாயில லாரி வர்ற மாதிரி இருக்குது" என்றார் அம்மா. தம்பி குறுகிய முனையில் நாற்காலியில், நான் பாயில் அம்மா பக்கத்தில். பதினோரு மணி வரைக்கும் எண்ணினோம். நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டோம்.

பினாங்கில் தாத்தா இறங்கிய இடம் எது என்று எங்களால் தேடிப் பார்க்க முடியவில்லை. ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா வரைக்கும் போய் மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் அம்மா திரும்பிவிட்டார். பூவில் பாதியைத் தலையில் வைத்தார். மீதியை பால்கனியில் பேட்டரி விளக்கின் அடியில் வைத்தார். கடலில் போடலாமா என்று கேட்டதற்கு, பால்கனியிலிருந்து எதையும் போடக்கூடாது என்று சொன்னேன். சரி என்று விட்டுவிட்டார்.

கடைசி நாள் விடிகாலையில் எனக்கு முழிப்பு வந்தபோது அவர் படுக்கையில் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே பாயில் உட்கார்ந்திருந்தார், போர்வையைப் போர்த்திக்கொண்டு. கிழக்கே மலேசியக் கரைப்பக்கம் வெளுத்திருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கப்பா இங்கதான் படுத்திருப்பாரு, இல்ல?" என்றார்.

"இந்த வழியாத்தான் வந்திருப்பாரும்மா."

போர்வையில் பாதியை எடுத்து என் காலில் போட்டார்.