கொதிக்க வைத்த தண்ணீர்

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், சோலார் வேலைக்கு வேண்டிய எந்தச் சில்லறைச் சாமானும் கால் மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். முப்பது வருடங்களாகச் சென்னையில் இன்வெர்ட்டர், பேட்டரி வேலை பார்த்துவரும் எனக்கு அதை ஒரு வசதி என்று நினைக்கத் தோன்றியதே இல்லை. 2025 ஜனவரியில், லிட்டில் அந்தமான் தீவில் ஒரு திருச்சபை நடத்தும் சிறிய மருத்துவ நிலையத்துக்குத் தன்னார்வத் தொண்டராகப் போய், பேனல் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும், உள்ளங்கையில் அடங்கும் நான்கு ஜோடி கனெக்டர்களுக்காகப் பதினோரு நாள் காத்துக் கிடந்தபோதுதான் தோன்றியது.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஸ்ரீ விஜயபுரம் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் வைத்த பெயர் அது. நான் போன கப்பலில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை. அங்கிருந்து இன்னொரு கப்பலில் தெற்கே ஒரு பகல் போனால் ஹட் பே துறை வரும்.

தீவு சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகை தள்ளி இருந்தும் கடிகாரம் நம்முடையதுதான் என்பதால், சூரியன் அங்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது. ஆகவே வேலையும் முந்திக்கொள்ளும். ஆறு மணிக்குக் கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டுக் கூரை ஏறினால், தகரம் கால் வைக்க முடியாதபடி சுடத் தொடங்கும் பத்து மணிக்குள் மேல் வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பகலில் கீழே பேட்டரி அறை. மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கும். முதலை இருப்பதால் அதற்குப் பிறகு ஓடைப் பக்கம் யாரும் போவதில்லை. மணல் ஈக்கள் கடித்த இடத்தை மட்டும் சொறியாமல் இருக்கக் கற்றுக்கொண்டால் போதும், மற்றபடி தீவு மனிதரை நன்றாகவே வைத்துக்கொள்கிறது.

ஊருக்கு வரும் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில் உண்டாவது. டீசலும் கப்பலில்தான் வர வேண்டும். தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய ஃபிரிட்ஜ் இரவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு குழு, எட்டு பேனல்களையும் நான்கு டியூபுலர் பேட்டரிகளையும் பொருத்திவிட்டுப் போயிருந்தது. சாமான்கள் நல்ல தரம். குறை சொல்ல முடியாது. ஆனால் நான் போனபோது பேனல்களில் ஒரு பாதி வரிசை செத்துக் கிடந்தது. கூரை ஏறிப் பார்த்தால், வெவ்வேறு கம்பெனிகளின் கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகியிருந்தார்கள். பார்வைக்குச் சரியாகப் பொருந்தும். உள்ளே உலோகம் முழுதாகத் தொடாது. அந்த இடைவெளியில் உப்புக் காற்றும் ஈரமும் புகுந்தால் சூடேறி உருகும். நான்கு ஜோடி கருகியிருந்தன. கனெக்டர் பேனலோடு வருவதுதானே என்று நினைத்து நான் ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை. இது முழுக்க என் பிழை.

வயரை முறுக்கி டேப் சுற்றிவிடலாமே என்று கேட்டார்கள். பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் டீசி மின்சாரம்; அதில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் திசை மாறி மாறி ஓடி நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் பொறி கிளம்பினாலும் அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டீசியில் அந்த வாய்ப்பு இல்லை, பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும், அதுவும் நோயாளிகள் படுத்திருக்கும் அறைக்கு மேலே.

உருகிய கனெக்டரைப் படம் எடுத்து ரிச்சி தெரு நண்பருக்கு அனுப்பினேன், உடனே போய்விட்டது. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடலடிக் கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர், நம் சென்னையிலிருந்துதான் அந்தத் தீவுகளுக்குப் போகிறது. கனெக்டரால் அதன் வழியாக வர முடியாதே. பார்சல் விமானத்தில் ஸ்ரீ விஜயபுரம் வரை வந்து, ஒரு கப்பல் ரத்தாகி, அடுத்ததில் இடமில்லாமல் அங்கேயே கிடந்தது.

அந்தப் பதினோரு நாளில்தான் பேட்டரிகளைப் பொறுமையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஆறு செல், மொத்தம் இருபத்து நான்கு. முழுச் சார்ஜில், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.240க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இரண்டு பேட்டரிகளில் 1.150ஐத் தாண்டவே இல்லை. மூடியைத் திறந்தால் அடியில் பழுப்பு நிறத்தில் மண்டி. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியின் தகப்பனார் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனவராம்; தம்பி தமிழையும் இந்தியையும் கலந்துதான் பேசுவார். என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

"கிணத்துத் தண்ணிதான் ஐயா. ஆனா நல்லாக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, துணியில வடிகட்டித்தான் ஊத்தினேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. நோயாளிக்குக் கொடுக்கும் தண்ணீருக்கு நர்ஸ் அம்மா சொல்லிக் கொடுத்த முறையை அவர் பேட்டரிக்கும் பக்தியோடு செய்திருக்கிறார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு சாகாது, நீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும், கடலோரக் கிணற்று நீரின் குளோரைடு பேட்டரித் தட்டுகளை அரிக்கும். பேட்டரிக்கு உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். நான் ஒரு குவளைக் கிணற்று நீரைச் சட்டியில் சுண்டக் காய்ச்சி, அடியில் வெள்ளையாகப் படிந்ததை அவர் விரலால் தொட்டு நாக்கில் வைக்கச் செய்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதச் சொல்ல யாருமே இல்லையே ஐயா" என்றார். பேனல் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலத்தில் ஒரு கையேட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

மீதி நாட்களில் அவர் கையாலேயே இருபத்து நான்கு செல்லையும் தினம் அளந்து, ஒரு நோட்டில் தமிழில் எழுதினார். நடுவே நான் இரண்டு மின்விசிறி, ஒரு மிக்சி, நர்ஸ் அம்மாவின் தையல் மெஷின் மோட்டார் எல்லாம் சரி செய்தேன். தீவில் மெக்கானிக் வந்திருக்கிறார் என்ற செய்தி கேபிளைவிட வேகமாகப் பரவும். பார்சல் வந்த அன்று பொருத்தும் வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சென்னை திரும்பிய பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்த நோட்டுப் பக்கத்தின் படம் எனக்கு வந்துவிடுகிறது. கெட்டுப்போன இரண்டு பேட்டரிகளையும் இனி மாற்றத்தான் வேண்டும். ஆசிட் ஊற்றிய பேட்டரியை விமானத்தில் அனுப்புவது லேசான காரியம் இல்லை என்பதால் கப்பலில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். இந்த மாதப் படத்தின் ஓரத்தில் தம்பி எழுதியிருந்தார்: டிஸ்டில்டு வாட்டர் இன்னும் மூன்று கேன் இருக்கிறது, கனெக்டர் ஆறு ஜோடி டப்பாவில் இருக்கிறது, ஈரம் ஏறாமலிருக்க அரிசி போட்டு வைத்திருக்கிறேன்.