கோத்தகிரியில் ஏறி குன்னூரில் இறங்கி: ஒரே நாளில் கோவை–ஊட்டி–கோவை, சைக்கிளில்

பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம். பவானிப் பாலம் தாண்டியதும் வலது பக்கம் பிரியும் சாலையில் கோத்தகிரி. அங்கிருந்து கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு, ஊட்டி. திரும்பும்போது குன்னூர், பர்லியாறு, கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி மறுபடி கோவை. எல்லாம் சேர்த்து 190 கிலோமீட்டர் பக்கம் வரும்.

தூரத்தை மட்டும் பார்த்தால் இது பெரிய விஷயமில்லை. நேர வரம்போடு நடக்கும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களான பிரெவே ஓட்டங்களில் முதல் படியே 200 கிலோமீட்டர்தான், அதற்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள். ஆனால் இங்கே மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தொட்டபெட்டா சந்திப்புப் பக்கம் சாலை 2,400 மீட்டர் வாக்கில் போகிறது. இடையில் இறங்கி ஏறுவது தனிக் கணக்கு.

பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. மே மாதம் போனால் சுற்றுலா வண்டிகளின் நெரிசல். சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாகவும் மாற்றிவிடுவார்கள், என் திட்டத்துக்கு நேர் எதிர்த்திசையில். பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். குளிர் இருக்கும்தான், ஆனால் ஏறுகிறவனுக்குக் குளிர் நல்லது.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி ஆறேகாலுக்கெல்லாம் மேட்டுப்பாளையம் வந்துவிட்டேன். பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியில் அந்த நேரத்தில் லாரிகள் மட்டும்தான். உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் ஒரு கடையில் இட்லி, பிறகு இரண்டு குப்பியிலும் தண்ணீர், சட்டைப் பையில் நேந்திரம் பழமும் கடலை மிட்டாயும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை இருப்பதால் வழியில் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகக் கூடாது. சாலையோரம் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது, கையில் சில்லறை இருந்தால் போதும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். மலை சுத்தமாக இருப்பது மெதுவாகப் போகிறவனுக்குத்தான் முதலில் தெரியும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். ஏறும் உயரம் 1,450 மீட்டருக்கு மேல். சராசரி சாய்வு நாலரை சதவீதம்தான் வருகிறது. பக்கத்தில் குன்னூர் போகும் மலை ரயில் பாதையில் கல்லாறுக்கு மேல் 12.28 அடிக்கு ஓர் அடி ஏற்றம் வரை, அதாவது எட்டு சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் 1899இல் அந்தப் பாதை திறந்தபோதே பல்சக்கரத் தண்டவாளம் வைத்தார்கள். சாலை அப்படி நேராக முட்டி ஏறாமல் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்ற கியர் சேர்க்கை இருந்தால் உட்கார்ந்தபடியே மிதித்துக்கொண்டு போகலாம். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தைத் தாண்டவே கூடாது. பின்னால் வருகிறவர் முந்திப் போனால் போகட்டும்.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வனக்காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, கொஞ்சம் நில்லுங்க. மேல ரெண்டு வளைவு தாண்டி குட்டியோட நிக்குதுன்னு பால் வண்டிக்காரர் சொல்லிட்டுப் போனார். தனியாப் போக வேண்டாம்." பலா பழுக்கும் கோடை மாதங்களில்தான் இந்தப் பக்கம் யானை நடமாட்டம் கூடுதல். மற்ற மாதங்களில் இல்லவே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து நிமிடம் போல நின்றிருப்பேன். மண்டியில் காய்கறி இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வந்தது. காவலர் ஓட்டுநரிடம் ஏதோ சொல்ல, அவர் தலையை வெளியே நீட்டி, "அண்ணா, என் வண்டிக்கு எடப் பக்கமா ஒட்டியே வாங்க, நான் மெதுவாத்தான் போவேன்" என்றார். சொன்ன மாதிரியே முதல் கியரில் உறுமிக்கொண்டு நான் மிதிக்கிற வேகத்துக்கு வந்தார். வலது பக்கம் வண்டி, இடது பக்கம் பாறை. வளைவில் மூங்கில் முறிந்து சாலையில் பாதி வரை கிடந்தது, பட்டை உரித்த இடம் ஈரமாக வெள்ளையாக இருந்தது. லத்தியிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. யானையைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வளைவிலும் இதயத்துடிப்பு 170ஐத் தொட்டதாக மீட்டர் காட்டியது, ஆனால் ஏற்றம் அங்கே ஒன்றும் அதிகமில்லை. காடு முடிந்து தேயிலை தெரிந்ததும் அவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு நன்றி.

அதற்கு மேல் வெயில். இந்தச் சரிவு கிழக்கும் தெற்குமாகப் பார்ப்பதால் காலைச் சூரியன் நேராக முதுகில் விழும். முள்ளூர் தாண்டி அரவேனு வந்ததும் காற்று மாறிவிட்டது. பத்தரைக்குக் கோத்தகிரி. இரண்டு டீ, சூடாக வர்க்கி. ஊட்டிக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறிய மேடு இது; கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா பக்கத்தில் கன்னேரிமுக்கில் இருக்கிறது. 1820களில் அவர் போட்ட முதல் பாதையும் சிறுமுகையிலிருந்து இந்தச் சரிவு வழியாகத்தான் ஏறியது. அவர்கள் குதிரையிலும் பல்லக்கிலும் வந்தார்கள்.

இனிமேல்தான் விஷயம். கோத்தகிரி ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள், பேசுவார்கள். என் அனுபவத்தில் அந்த 33 கிலோமீட்டர் நீளமே தவிர நேர்மையான ஏற்றம். என்ன கேட்கிறது என்பது முதலிலேயே தெரிந்துவிடும். நாளின் உண்மையான சோதனை கோத்தகிரிக்கும் தொட்டபெட்டா சந்திப்புக்கும் நடுவில் இருக்கிறது. இறங்கும், கால் ஆறிப்போகும், உடனே ஏறும். கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தைக் கொஞ்சம் பறிகொடுத்துவிட்டு மறுபடி சம்பாதிக்க வேண்டும். கட்டபெட்டுக்குப் பிறகு இறக்கம் குறைந்துகொண்டே போய் ஏற்றம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்குள் கால் 80 கிலோமீட்டர் பார்த்திருக்கும். 2,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதாவது ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் கால் பங்கு குறைவு. அதே கியர், அதே சாய்வு, ஆனால் மூச்சு மட்டும் போதவில்லை.

கட்டபெட்டு தாண்டி ஓர் ஏற்றத்தில் வலது தொடை பிடித்துக்கொண்டது. முழங்காலுக்கு மேலே சதை கல்லாகி, தொட்டால் உள்ளே புழு நெளிவது போலத் துடித்தது. இறங்கி நின்று, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பின்னால் இழுத்து முப்பது எண்ணினேன். விட்டேன், மறுபடி முப்பது. கீழே கேரட் தோட்டத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஓர் அம்மா மேலே பார்த்து, "என்னப்பா, கால் பிடிச்சிருச்சா? உக்காராதே, நட" என்றார். நடந்தேன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பிடிப்பு என்றால் உப்பு குறைந்துவிட்டது என்போம்; களைத்த தசைக்கு நரம்பு தரும் தப்பான கட்டளையும் அதே அளவுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதனால் இரண்டையும் பார்த்துக்கொள்வதே புத்தி. இழுத்துவிட்டதில் பிடிப்பு உடனே தளர்ந்தது. உப்புக் கரைசலை மடக் மடக்கென்று குடிக்காமல் சிறிது சிறிதாகக் குடித்தேன். மறுபடி ஏறியபோது இன்னும் லேசான கியர், எழுந்து நின்று மிதிக்கவே இல்லை. வேகம் ஏழு, சில இடங்களில் ஆறு. கற்பூர மர வாசனை வந்தால் உயரம் ஏறுகிறோம் என்று மட்டும் தெரிந்தது.

சந்திப்பை அடைந்தபோது மணி ஒன்று. சிகரத்துக்குப் போகும் சாலையைப் பார்த்தேன், திரும்பவில்லை. 2,637 மீட்டர் உச்சி இன்னொரு நாளைக்கு. ஊட்டியில் சாம்பார் சாதம், தயிர் சாதம், ஊறுகாய். மலை ரயில் இரண்டு மணிக்கு இறங்கக் கிளம்பும், நானும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்குக் கிளம்பினேன்.

இறக்கம் ஓய்வு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வியர்வையில் நனைந்த சட்டையோடு ஊட்டியிலிருந்து இறங்கினால் கேத்தி வருவதற்குள் விரல் மரத்துவிடும், பிரேக் பிடிப்பதே தெரியாது. சாப்பிட்ட கடையில் பழைய செய்தித்தாள் வாங்கி நான்காக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்து, மேலே விண்ட்சீட்டர் போட்டேன். இதைவிட நல்ல குளிர் தடுப்பு நான் பார்த்ததில்லை. குன்னூர் தாண்டி உருவிப் போட்டாயிற்று. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் ஆறரை டிகிரி சூடு கூடும், பர்லியாறில் ஸ்வெட்டர் போட்ட பயணிகளைப் பார்த்தாலே வியர்க்கும்.

குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். தொடர்ந்து லேசாக உரசிக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பை அழுத்தும் ரிம் பிரேக்கில் விளிம்பு கொதித்து டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கிலும் பிடிமானம் தளரும். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. பேருந்து வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஓரம் கட்டி நின்றுவிடுவதில் வெட்கமில்லை. பர்லியாறில் குரங்குகள் அதிகம். பையில் பழம் தெரியும்படி நிற்காதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை வரை மாலை நெரிசல், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு மணிக்குள் வீடு. மீட்டரில் மொத்த ஏற்றம் 2,500 மீட்டரைத் தாண்டியிருந்தது. தொடை இரண்டு நாள் வலித்தது.

அடுத்த முறைக்கு, பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியை (கேசட்) 36 பல் உள்ளதாக மாற்றப் போகிறேன். கோத்தகிரியில் டீயோடு நிறுத்தாமல் சோறே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், கட்டபெட்டுப் பக்கம் அது தேவைப்படுகிறது. அப்புறம் மஞ்சூர் இருக்கிறது: காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக 43 வளைவுகள், வண்டி நடமாட்டம் குறைந்த யானைக் காடு. அதற்குத் தனியாகப் போக மாட்டேன். கோவைப் பக்கம் இருந்து மெதுவாக ஏறத் தயாராக இருக்கிற யாராவது இருந்தால் சேர்ந்து போகலாம்.